பதினேழாவது அர்த்தம்

காலை ஏழே காலுக்கு உமேஷ் டிபன் பாக்ஸைக் கீழே போட்டார். வாசலில் நின்று ஷூவை மாட்டும்போது கை தவறி, மூடி கழன்று, எலுமிச்சை சாதம் மூன்று படி தூரத்துக்குச் சிதறியது. "சாரி ஜெயா, பஸ் வந்துடும்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு இறங்கி ஓடினார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. இரண்டு நாள் முன்னால் நானே எழுதிய வாக்கியம் அது. 'உமேஷ் டிபன் பாக்ஸைக் கீழே போட்டதில் சாதம் படியெல்லாம் சிதறியது.'

என் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். பதினாறு வருடம் சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் மிஸ்ஸாக இருந்தேன். ஷீலா மேடம் பிரின்சிபாலாக வந்த வருடம் என்னை வெளியே அனுப்பினார். இப்போது முடிச்சூர் ரோட்டில் எங்கள் ஃபிளாட்டின் டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஓர் இணைய அகராதிக்கு உதாரண வாக்கியம் எழுதுகிறேன். அவர்கள் ஓர் ஆங்கிலச் சொல்லை அனுப்புவார்கள். அதற்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனைக்கும் தமிழில் நான் வாக்கியம் எழுதவேண்டும். அந்த வாரம் வந்த சொல் 'டிராப்'. நாம் எல்லோரும் நாளைக்கு நாலு தடவை சொல்கிற சின்னச் சொல்தான். உட்கார்ந்து பார்த்தால் இருபத்து நான்கு அர்த்தம். கண்ணில் விடுகிற சொட்டு, ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிடுவது, விலை சரிவது, போன் பாதியில் அறுந்துபோவது, வந்த கேட்சைக் கோட்டைவிடுவது. தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறது. இங்கிலீஷ்காரன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டான்.

எல்லா வாக்கியத்திலும் ஒரு மனிதரின் பெயர் கட்டாயம் வரவேண்டும் என்பது அவர்கள் விதி. இருபத்து நான்கு பெயருக்கு எங்கே போவது? வீட்டில் இருப்பவர்கள், மாடியில் இருப்பவர்கள் என்று வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை. எழுதி அனுப்பியதை ஒரு பரிசோதகர் பார்ப்பார். அவருக்குப் பெயர் கிடையாது, பதினொன்று என்ற எண் மட்டும். அவருக்குச் சரியென்று பட்டால் பச்சை டிக், இல்லையென்றால் சிவப்பு. 'உமேஷின் எடை பத்து கிலோ குறைந்தது' என்று எழுதியதற்குச் சிவப்பு போட்டு, 'இயல்பாக இல்லை' என்று குறிப்பு எழுதியிருந்தார். உமேஷைப் பார்த்த மாதிரியே சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

டிபன் பாக்ஸ் விழுந்த மறுநாள் மேல்வீட்டு ஸ்ரீரங்கன் சார் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். வண்டலூர் மனைக்காகத் தம்பியோடு பன்னிரண்டு வருடமாக கோர்ட்டுக்கு அலைகிறவர். "கேஸை வாபஸ் வாங்கிட்டேன்மா. காலைல எழுந்தேன், போதும்னு தோணிச்சு. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல" என்றார். மைசூர்பாகை வாயில் போட்டேன். உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்தேன். 'ஸ்ரீரங்கன் தம்பி மேல் போட்டிருந்த வழக்கைக் கைவிட்டார்.' ஒன்பதாவது அர்த்தம். நேற்று சாயங்காலம் பச்சை டிக் விழுந்திருந்தது. டிபன் பாக்ஸுக்கும் அப்படித்தான், முந்தின நாள் சாயங்காலம். எடைக்குச் சிவப்பு விழுந்தது, உமேஷ் நேற்றும் நாலு சப்பாத்தி சாப்பிட்டார்.

அடுத்த நாள் காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற எங்கள் பெண் சின்மயி பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். பையைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தாள்.

"அம்மா, திட்டாத. நான் காலேஜ் போகல இனிமே. டிஸ்கன்டினியூ பண்ணப் போறேன்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களாடி?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. கிளாஸ்ல உக்காந்திருந்தேன். எழுந்து வந்துட்டேன். எனக்கே ஏன்னு தெரியலம்மா."

பதின்மூன்றாவது அர்த்தம், படிப்பைப் பாதியில் விடுவது. அதைச் சின்மயி பெயரில் நானேதான் எழுதியிருந்தேன், நேற்று சாயங்காலம் பச்சை டிக் விழுந்திருந்தது. அவளை அணைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கை தானாக லேப்டாப் பக்கம் போனது. ஏனென்றால் பதினேழாவது அர்த்தம் எனக்கு நினைவு வந்துவிட்டது.

உழைத்துக்கொண்டிருக்கும்போதே தடாலென்று விழுந்து, எழாமல் போவது. அதற்கும் அதே சொல்தான். அதை எழுதிய அன்று காலையில் உமேஷ் கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்து, அடுப்பு பாதி சமையலில் அணைந்துபோயிருந்தது. நான் எழுதியது இதுதான்: 'வேலையில் நின்றுகொண்டிருந்த உமேஷ் சுருண்டு விழுந்தார், பிறகு எழவே இல்லை.' எழுதி முடித்தபோது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாக்கியத்துக்கு இன்னும் டிக் விழவில்லை. பரிசீலனையில் இருந்தது. அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. குறிப்புப் பெட்டியில், 'தவறாக எழுதிவிட்டேன், தயவுசெய்து நிராகரிக்கவும்' என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

'வாக்கியம் இயல்பாக இருக்கிறது. நிராகரிக்கக் காரணம் இல்லை. வேண்டுமானால் பெயரை மட்டும் மாற்றித் தரலாம். ஐந்து மணி வரை.'

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் உமேஷ் காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். போன் அடித்தேன், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். 'ஒருவர்' என்று மாற்றி அனுப்பினேன். 'பெயர் தேவை' என்று திரும்பி வந்தது. ஒரே எழுத்தைப் போட்டு அனுப்பினேன். 'மனிதரின் பெயர் தேவை.'

அதன்பிறகு என் பெயரைத் தட்டினேன். சத்தியமாகத் தட்டினேன். 'ஜெயஸ்ரீ சுருண்டு விழுந்தாள்.' படித்துப் பார்த்தேன். பக்கத்து அறையில் சின்மயி யாருடனோ போனில் அழுதுகொண்டிருந்தாள். அழித்துவிட்டேன். பிறகு ஷீலா என்று தட்டினேன். அது திரையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது, நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதையும் அழித்தேன். எனக்குத் தெரிந்த பெயர்களுக்கெல்லாம் முகம் இருந்தது. பால்காரர், பழைய மாணவர்கள், சித்தி பிள்ளைகள். முகமே இல்லாத ஒரு பெயர் வேண்டும். நாலு நாற்பதுக்கு அது கிடைத்தது. சின்ன வயதில் எப்போதோ காதில் விழுந்த பெயர், தபீதாள். இந்தக் காலத்தில் யார் பெண்ணுக்கு அப்படிப் பெயர் வைக்கிறார்கள்? வாக்கியத்தைப் பெண்பாலுக்கு மாற்றி அனுப்பினேன். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பச்சை டிக் விழுந்தது.

ஆறரைக்கு உமேஷ் வந்தார். அவர் ஷூ சத்தத்தைக் கேட்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன ஜெயா, புதுசா இருக்கு?" என்று சிரித்தார். "சாயங்காலம் லேசா தலை சுத்திச்சு. கண்ணெல்லாம் இருட்டிடுச்சு. அப்புறம் யாரோ ஸ்விட்ச் போட்ட மாதிரி டக்குனு சரியாயிடுச்சு."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு அடிக்கப்போற நேரம். ஏன்?"

அன்று சமையலறையில் சாம்பாருக்குப் புளி கரைத்தபடி அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு, உமேஷ் வேலைக்குப் போன பிறகு, மாடிப்படியில் யாரோ பெஞ்சை இழுக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும், புடவையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண், கால் ஆடுகிற மரப் பெஞ்சின்மேல் ஏறி நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

"வாட்ச்மேன் ஏசுதாசன் வூட்டுக்காரிக்கா. படிக்கட்டு பெருக்கிகினு இருந்த ஆயா நின்னுடுச்சாம். நீ போய் செய்யின்னு இன்னிக்கு அனுப்பிட்டாரு" என்றாள். "இன்னாக்கா, அப்டி பாக்குற?"

ஏசுதாசனை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். தீபாவளிக்கு வேட்டி சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கீழே கேட் ஓரத்து அறையில் அவரோடு இவளும் இருக்கிறாள் என்பதும் தெரியும். பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் நான் கேட்கவில்லை. கீழேயிருந்து ஏசுதாசன்தான் கூப்பிட்டார்.

"ஏ தபீதா! மேல முட்ச்சிட்டு வா, மோட்டர் ரூமாண்ட கூட்டணும்."

"தோ வரேன்" என்று அவள் கத்தினாள். என் பக்கம் குனிந்து சிரித்தாள். "தபீதாள்னு எங்கம்மாவ பெத்த ஆயா பேருக்கா. சர்ச்சுல வச்சது. இந்தாளு இஸ்டத்துக்குக் கூப்புடும்."

"இறங்கு" என்றேன். "இன்னிக்கு வேலை வேணாம். போய்ப் படுத்துக்கோ."

"இன்னாக்கா நீ? மொத நாளே ஓபி அடிச்சா ஃபிளாட் செகரட்ரி வுடுவாரா?" அவள் மறுபடியும் மூலைக்குக் கோலை நீட்டினாள். புறங்கழுத்தில் வேர்வை வழிந்தது. நான் அனுப்பிய வாக்கியத்தில் பெஞ்சு இல்லை, படிக்கட்டு இல்லை. தரையில் நின்றாலும் அது நடக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முட்டி போட்டு உட்கார்ந்து பெஞ்சின் என் பக்கத்து இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுக்கா, நான் வுழ மாட்டேன்" என்று மேலேயிருந்து சிரித்தாள். ஒட்டடைத் தூசி என் தலையிலும் கையிலும் விழுந்துகொண்டிருந்தது. நான் விடவில்லை.