படுத்துக்கொண்டே தெரியும் தண்ணீர்

"தண்ணி தெரியும்னு போட்டிருக்கீங்க. எப்படித் தெரியும்? பால்கனியில நின்னு கழுத்தை ஒடிச்சுப் பாத்தா தெரியுமா, இல்ல படுத்துக்கிட்டே தெரியுமா?"

ஒரு பழைய நகரத்தின் ஆற்றங்கரையில் இருக்கிற ஹோட்டல் ஒன்று விடாமல் போன் போட்டு டோக்கன் அக்கா இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். பல் டாக்டரின் கிளினிக்கில் வாசலோரம் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்தே ஆயுசில் பாதியைக் கழித்தவள். தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறவனிடமே விஷயத்தைக் கறந்துவிடுகிறவளுக்கு ஹோட்டல்காரர்கள் எம்மாத்திரம்? ஒருத்தர் "ஓரளவு தெரியும் மேடம்" என்றார். ஓரளவு என்றால் என்ன என்று குடைந்ததில், பக்கத்துக் கட்டடத்துக்கும் தங்கள் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு கீற்று தெரியும் என்று ஒப்புக்கொண்டார். இன்னொருத்தர் மொட்டை மாடிக்குப் போனால் பிரமாதமாகத் தெரியும் என்றார். "அங்கயே கட்டில் போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள்.

கடைசியில் ஒரு பெண் சிக்கினாள். "எங்க கட்டடம் அந்தக் காலத்து சரக்குக் கிடங்கு மேடம். ஆத்துப் பக்கம் சுவரையே எடுத்துட்டு முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கோம். கட்டில் ஆத்தைப் பாத்துதான் இருக்கு. காலையில சூரியன் நேரா உங்க தலையணையில வந்து விழும்" என்றாள். அக்கா அந்த நிமிஷமே அறையைப் பதிவு செய்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. ஊரில் வேறு எந்தப் பெண்டாட்டி செய்திருந்தாலும் அது தப்பே இல்லை.

ஏனென்றால் அவள் வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். ஊர் விளக்கு வைக்கிற நேரத்தில் மாவில் கை வைப்பார். ஊர் எழுந்திருக்கும்போது ரொட்டியை அடுப்பிலிருந்து இழுப்பார். சூடு ஆறாத ரொட்டியோடு அவர் வீட்டுக்குள் நுழையும்போது இவள் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம்தான் இரண்டு பேரும் ஒன்றாக முழித்திருப்பார்கள். காஸ் தீர்ந்துவிட்டது, பையனுக்குக் காய்ச்சல், கரண்ட் பில் வந்திருக்கிறது. அந்த நேரத்துக்கு இதுவே அதிகம். கல்யாணமான புதிதில் படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்துப் போட்டவள் அவள். அதற்கப்புறம் அந்த ஜன்னலைத் திறந்ததே இல்லை. காலையில் அந்த அறைக்குள் எதையாவது தேடுவதென்றால் விரல்களால்தான் தேடுவாள். வார லீவு நாளில் மாஸ்டர் எப்படியாவது பகலில் முழித்திருக்கப் பார்ப்பார். பாவம், சோற்றுத் தட்டின் முன்னாலேயே தலை தொங்கிவிடும். பையன் இரண்டாம் வகுப்பில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு, 'என் அப்பா தூங்குவார்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

மாவுத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது, இனி அடுப்பு வேலை கூடாது, விமானம்கூட ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது மாஸ்டர் இடிந்துபோனார். அவளுக்கும் வருத்தம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இனிமேல் மனுஷன் பகலில் கிடைப்பார்! அவளும் கிளினிக்கில் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டாள். ஆனால் அடுப்பு அணைந்த சேதி அவர் உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. பகலெல்லாம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். இருட்டினால் எழுந்து நடமாடினார். காலையில் எழுந்து பார்த்தால் சொட்டுகிற குழாய் சரியாகியிருக்கும், செருப்புக்கெல்லாம் பாலிஷ் போட்டிருக்கும், மளிகை டப்பாக்கள் உயரவாரியாக நிற்கும். நல்ல பேய் ஒன்று குடிவந்த வீடு மாதிரி இருந்தது. பகலில் அந்த வீட்டில் அவள் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, டிவியை ஊமையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கிலாவது நாலு பேர் பல் வலிக்கிறது என்று வந்து பேசுவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் பையன் போன் செய்தான். அவன் இருப்பது பூமிக்கு அந்தப் பக்கம். மருமகள் வேலைக்குத் திரும்புகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வருஷம் வா என்றான். அப்பாவைப் பற்றி டாக்டர் சொன்னது அவனுக்கும் தெரியும். அதனால் அம்மாவை மட்டும்தான் கூப்பிட்டான். "யோசிச்சு சொல்லும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு" என்றான்.

அவள் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். அந்தப் பழைய நகரத்துக்கு இரண்டு பேரும் போக வேண்டும். தண்ணீரைப் பார்த்தபடி ஒரு அறை. அங்கே ஒரே ஒரு முழுப் பகலாவது மாஸ்டர் அவளோடு முழித்திருந்துவிட்டால் பையனிடம் முடியாது என்று சொல்லிவிடுவது. இல்லையென்றால் கிளம்பிவிடுவது. இப்படிப் பந்தயம் கட்டிக்கொண்டு, அத்தனை வருஷம் வெளிச்சத்தை அடைத்துத் தைத்த அதே கையால், அந்த ஊரிலேயே வெளிச்சம் அதிகமாக விழுகிற அறையைத் தேடிப் பிடித்தாள். வெளிச்சம் முகத்தில் விழுந்தால் மனுஷன் எழுந்துகொள்வார் என்று நினைப்பு. ஆசைக்குக் கணக்குப் போடத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். ரயிலில் வழி முழுக்க மாஸ்டர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார். அறைக்குள் நுழைந்ததும் அவள் திரையை ஒதுக்கினாள். கொசுவலை மாதிரி மெல்லிசான வெள்ளைத் திரை. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டிலிருந்தே ஆறு தொடங்குவதுபோல் இருந்தது. அகலமான, அவசரமில்லாத ஆறு. அந்தக் காலத்தில் கப்பல் கட்டிய இரும்பு வளையங்கள் படித்துறைக் கல்லில் இன்னும் தொங்கின. எதிர்க்கரையில் கோட்டைச் சுவர், அதன் இடுக்குகளில் புல்.

"அடேயப்பா!" என்றார் மாஸ்டர். மனசாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். துண்டு மறுபடி முகத்துக்குப் போனது.

சாயங்காலம் எழுந்தபோது ஆள் புது ஆளாக இருந்தார். பழைய தெருக்களில் நடந்தார்கள். ஒரு சந்தில் நின்று கோட்டைச் செங்கல்லைத் தட்டிப் பார்த்து, "பதமா வெந்திருக்கு, பாத்தியா" என்றார். அவருக்குப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. அவளுக்கோ கால் வீங்கிக் கண் சொருகியது. "ம்", "ம்" என்று கொட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தபோதும் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் அவள் தூங்கிவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் சூரியன் சொன்னபடி தலையணையில் வந்து விழுந்தது. மாஸ்டர் ஜன்னலோர நாற்காலியில், தலை வாரி, சட்டை மாட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவளுக்குக் காபி கலந்து தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தார்.

"தூங்கவே இல்லையா?"

"தூக்கம் எங்க வருது."

"இன்னைக்கு ஃபுல்லா சுத்தலாம். கோட்டைக்குப் போலாம், படகுல போலாம். சரியா?"

"போலாமே. நீ கீழ போய் டிபன் சாப்பிட்டுட்டு வா. நான் அதுக்குள்ள சின்னதா ஒரு கண்ணசந்துக்கறேன்." அவர் கண்கள் சிவந்து, மண் விழுந்ததுபோல் இருந்தன.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் எல்லா மேஜையிலும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுகிறவர் அவள் முன்னால் இரண்டு தட்டு வைத்தார். "சார் வரலைங்களா?"

"வருவார், வருவார்" என்றாள். சாப்பிட்டு முடித்தாள். இன்னொரு காபி சொல்லி, அதையும் முடித்தாள். எதிரே இருந்த தட்டில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

மேலே போய்க் கதவைத் திறந்தாள். கட்டில் காலி. போர்வையையும் காணோம். திரை முழுக்க ஒதுங்கியிருக்க, வெயிலில் ஆறு தகதகவென்று கிடந்தது. எழுந்துவிட்டார்! அவளைத் தேடிக் கீழே போயிருப்பார், இரண்டு பேரும் படியிலும் லிஃப்டிலுமாக மாறிப் போயிருப்பார்கள். சிரிப்புக்கூட வந்துவிட்டது. பையனிடம் சொல்ல வேண்டிய பதில் வாய்வரை வந்துவிட்டது.

அப்போது குளியலறைப் பக்கமிருந்து குறட்டை கேட்டது.

அலமாரிக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்க முடியாத இடுக்கு. அறையில் வெளிச்சம் விழாத இடம் அது ஒன்றுதான். மாஸ்டர் அங்கே வெறும் தரையில், துண்டை மடித்துத் தலைக்கு வைத்து, போர்வையைப் போர்த்தி, காலை நீட்ட வழியில்லாமல் மடக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். திரையை அவர் தொடவே இல்லை. கட்டிலையும் வெளிச்சத்தையும் ஆற்றையும் அவளுக்கு விட்டுவிட்டு, இங்கே வந்து சுருண்டிருந்தார்.

முதலில் கோபம்தான் வந்தது. இதற்கா அத்தனை போன்? அழுகை அப்புறம் வந்தது. அவ்வளவு பெரிய ஆற்றின் முன்னால், ஆள் இல்லாத அவ்வளவு பெரிய கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பந்தயத்தில் தோற்றுவிட்டோம் என்று தெரிந்தது. யாரோடு கட்டினாள், யார் ஜெயித்தது என்றுதான் தெரியவில்லை.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். அலமாரியிலிருந்த கனத்த கம்பளிகளை எடுத்தாள். நாற்காலி மேல் ஏறி, திரைக் கம்பியில் கம்பளிகளை அடுத்தடுத்துப் போட்டு, துணி மாட்டுகிற ஹேங்கர் கிளிப்பாலும் தன் தலைக் கிளிப்பாலும் ஓரமெல்லாம் பிடித்தாள். கைக்குப் பழகிய வேலை. ஒரு பக்கம் படகுகள் போயின, இன்னொரு பக்கம் கோட்டை போனது, கடைசியில் தண்ணீரே இல்லாமல் போனது.

"எழுந்திருங்க. கட்டில்ல வந்து படுங்க."

மாஸ்டர் விழித்துப் பார்த்தார். "ஐயையோ, எதுக்கு மூடினே? தண்ணி?"

"தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது. வாங்க."

அவர் வந்து படுத்தார். அவளும் பக்கத்தில் படுத்தாள். வெளியே ஏதோ படகு மோட்டார் இருமிவிட்டுக் கிளம்பியது.

"ராத்திரி ஒரு படகு விளக்கை வச்சுக்கிட்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமா போய்ட்டே இருந்துச்சு" என்றார் மாஸ்டர். "ஒரு ஆள் ஏறல. ஆனாலும் போயிட்டு போயிட்டு வந்தான். உனக்குக் காட்டணும் போல இருந்துச்சு. நீ வாயைத் திறந்துட்டு தூங்கிட்டிருந்தே."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"நீ என்னை என்னைக்காவது எழுப்பியிருக்கியா?"

அந்த முகத்தின் தூக்கம் அவளுக்கு மனப்பாடம். தன்னுடைய தூக்கமும் இத்தனை நாளாக ஒருவருக்கு மனப்பாடமாகி வருகிறது என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"பையன் இன்னைக்குள்ள பதில் சொல்லச் சொன்னான்" என்றாள்.

"போயிட்டு வா."

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாரே என்று சுருக்கென்றது. "ஒரு வருஷங்க."

"ம்." அவர் அவள் பக்கம் புரண்டு படுத்தார். பிறகு, "அங்க இப்ப ராத்திரிதானே?" என்று கேட்டார்.

"ஆமா. இங்க பகல்னா அங்க ராத்திரி."

"அப்ப இங்க ராத்திரின்னா அங்க பகல்."

"ஆமாங்க. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல." இருட்டில் அவர் கை துழாவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. "நீ அங்க போயிட்டா, நான் முழிச்சிருக்கறப்ப நீயும் முழிச்சிருப்பே. போன் போடு. நிதானமா பேசலாம். உங்கிட்ட சொல்றதுக்கு எவ்வளவோ இருக்கு. நேத்துகூட அந்தச் சந்துல ஒண்ணு சொல்ல வந்தேன், நீ..." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. பிடித்த கை தளர்ந்து, குறட்டை தொடங்கியது.

அவள் கம்பளியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இந்த மனுஷனோடு ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டுமென்றால் பூமிக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. சிரிப்பு வந்தது. சிரித்தால் கட்டில் ஆடும் என்று அடக்கிக்கொண்டாள். அடக்கியதில் கண்ணில் நீர் முட்டியது.

தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தாள். அதன் வெளிச்சம் அவர் கண்ணில் படாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மகனுக்கு "வரேன்" என்று அடித்தாள்.