பகல் ஒன்றேகால் மணிப் பனி

பதினெட்டுக் கறுப்பு வெள்ளைப் படங்கள். பதினெட்டுக்கும் கீழே ஒட்டியிருந்த சீட்டுகளை அவள் ஒன்று விடாமல் படித்து முடித்தாள். படத்தின் தலைப்பு, அதன் கீழே கொழுந்தனின் பெயர். அவ்வளவுதான். ஒருவேளை எழுத்து பொடியாக இருக்குமோ என்று மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் முதல் படத்திலிருந்து பார்த்து வந்தாள். பொடி எழுத்தும் இல்லை, பெரிய எழுத்தும் இல்லை. அரங்கத்தின் வாசலில் வைத்திருந்த பலகையில் மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'கை படாத இயற்கை'.

கை படாததாம்! எட்டு மாதமாக மவுஸைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கி, மருந்து தேய்த்துக்கொண்டு படுத்தவள் யார்? "ஒரு ஓரமா என் பேரையும் போட்டுடுங்க தம்பி" என்று அவள் வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு தடவைதான். "உங்க பேர் இல்லாமலா அண்ணி?" என்று சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பை நம்பி அக்காவுக்கு வேறு போன் போட்டுச் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

நேராக அவனிடமே போய்க் கேட்டாள். வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத கால்சட்டையுமாக வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அவசரத்துல சீட்டு அடிச்சது அண்ணி. விட்டுப்போச்சு."

"பதினெட்டுலயுமா?"

அதற்குள் யாரோ முக்கியமானவர் வந்துவிட்டார். அவன் பல்லெல்லாம் தெரிய அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஸ்டூடியோ அவள் புருஷனுடையது. பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம். பின்னறையில் உட்கார்ந்து பருவை அழிப்பதும், மூடிய கண்ணைத் திறந்து வைப்பதும் அவள் வேலை. ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் கொழுந்தன், லீவு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு மலை என்று கிளம்புவான். திரும்பி வந்ததும் மெமரி கார்டை அவள் மேஜையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவான். நானூறு படம் இருக்கும். முக்கால்வாசி வெளிறிய வானம். அதில் எது நிறம் இல்லாமலும் நிற்கும் என்று தேடி எடுப்பவள் அவள். நிறத்தை எடுத்துவிட்டால் கறுப்பு வெள்ளை வந்துவிடும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்கே வருகிறது? இலையும் பூவும் மண்ணும் ஒரே சாம்பலாகக் குழைந்து நிற்கும். அவள் ஒவ்வொரு நிறமாகத் தனியே பிடிப்பாள். நீலத்தை அமுக்க அமுக்க வானம் கறுக்கும். மஞ்சளை ஏற்றினால் இலைகள் துலக்கிய பாத்திரம்போலப் பளிச்சிடும். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் மரப்பட்டையின் ஒவ்வொரு சுருக்கத்தையும் இங்கே கறுத்து, அங்கே வெளுத்து எடுப்பாள். ஒரு மரத்துக்கு நாலு நாள், அஞ்சு நாள் ஆகும். கண் போய் உட்கார ஓர் இடத்தை மட்டும் சுத்த வெள்ளையாக விட்டுவைப்பாள். அந்த இடம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு வேண்டாம்.

விழா ஆரம்பித்தது. திரையில் படங்களை ஓட்டுகிற வேலையும் அவள் தலையில்தான். ஓரத்து மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். பனி மூடிய மரத்தின் படம் திரையில் வந்ததும் கொழுந்தன் மைக்கைப் பிடித்தான்.

"என் படத்துல எடிட்டிங்னு ஒரு பொட்டு கிடையாது. இந்த மரத்துக்காக விடியக்காலை நாலு மணியில இருந்து பனியில உக்காந்திருந்தேன்."

கூட்டம் கை தட்டியது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படம் பகல் ஒன்றேகாலுக்கு எடுத்தது; ஃபைலிலேயே நேரம் இருக்கிறது. பனி முழுக்க அவள் போட்டது. "உச்சிவெயில்ல பனி ஒட்டாது தம்பி, நிழல் காட்டிக்குடுத்துடும்" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "போடுங்க அண்ணி, ஜனங்களுக்குப் பனி பிடிக்கும்" என்றவன் அவன்.

"இதுக்கெல்லாம் எங்க அண்ணிக்குத்தான் நன்றி சொல்லணும்" என்று அவன் கையை நீட்டினான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகிக்கூடப் போய்விட்டது. "நேரா நேரத்துக்கு டீ போட்டுக் குடுத்தாங்க!" அரங்கம் சிரித்தது. இரண்டாம் வரிசையில் அவள் புருஷனும் சிரித்தார்.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை.

"விடியக்காலைன்னு சொல்றீங்க. அப்ப நிழல் நீளமால்ல விழணும்? இது மரத்தடியிலயே சுருண்டு கிடக்குதே தம்பி?"

கொழுந்தன் திரையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். பிறகு கூசாமல் சொன்னான்:

"அது வந்து மேடம்... பிரிண்டுக்கு அனுப்பும்போது எங்க அண்ணி தெரியாத்தனமா கை வெச்சுட்டாங்க. அவங்களுக்கு இதெல்லாம் அவ்வளவாத் தெரியாது."

நல்லதுக்கெல்லாம் இல்லாத அவள் கை, தப்புக்கு மட்டும் வந்துவிட்டது. என்ன நெஞ்சழுத்தம்! அந்த நிழல் ஒன்றைத்தான் அவள் தொடவே இல்லை. புருஷன் குனிந்தபடி அவள் மேஜைக்கு வந்தார்.

"விடும்மா. நம்ம பையன்தானே. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வீட்ல பேசினதெல்லாம் போதும்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

மரத்தின் மூல ஃபைலைத் திறந்தாள். பக்கவாட்டில் முப்பத்தொரு லேயர் வரிசையாக இறங்கின. அவள் செய்த ஒவ்வொரு வேலையும் ஒரு லேயர். ஒவ்வொன்றின் அருகிலும் சின்னதாக ஒரு கண் குறி. அதை அழுத்தினால் அந்த வேலை மறைந்துவிடும். முதலில் பனியை அணைத்தாள். பெரிய திரையில் மரம் வெட்டவெளியில் நின்றது. அரங்கம் சலசலத்தது. பட்டையின் சுருக்கங்கள் போயின. கறுத்த வானம் வெளிறியது. பளிச்சிட்ட இலைகள் மங்கின. தான் கட்டியதைத் தானே இடித்தாள்; விரல் நிற்கவில்லை. அவள் அழித்திருந்த மின்கம்பி திரும்பி வந்து மரத்துக்குக் குறுக்கே ஓடியது. கிளையில் சிக்கிக்கிடந்த கிழிந்த பிளாஸ்டிக் பை வந்தது. அதை இலை இலையாக மறைக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது. நிழல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆசிரியை திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் ஓடிவந்து, புரொஜெக்டர் வெளிச்சத்தை மறித்துத் திரைக்கு முன்னால் கையை விரித்து நின்றான்.

"அண்ணி, போதும். மானம் போகுது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு. தள்ளி நில்லுங்க தம்பி."

அவன் நகரவில்லை. அவள் அழுத்தினாள். கறுப்பு வெள்ளை போய் நிறம் வந்தது. அவனுடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சை இலைகள் படர்ந்தன. நெற்றிக்குக் குறுக்கே கம்பி ஓடியது. நெஞ்சின் நடுவே, ரோஸ் நிறத்தில், அந்தக் கிழிந்த பை தொங்கியது.