அக்காவின் கரிசல்

மண் ஆய்வுக்கூடத்துக்கு அன்று வந்த பொட்டலங்களில் ஒன்றின் மேல் அக்காவின் கையெழுத்து இருந்தது. சோதனை செய்பவள் அதைக் கையில் ஏந்தியபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்பா நிலத்தைப் பிரித்தபோது அக்காவுக்குக் கரிசல், இவளுக்குச் செம்மண். இவள் தன் பங்கை ஒரு வார்த்தை சொல்லாமல் மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டாள். நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காய்ச்சி வடித்த தண்ணீரில் மண்ணைக் குலுக்கி, குடுவையை ஜன்னலோரம் வைத்தாள். மணல் உடனே அடியில் உட்கார்ந்தது. வண்டல் மெல்ல இறங்கியது. களி மட்டும் இறங்க மனமில்லாமல், மதிய வெயிலில் புகைபோல மிதந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு இமை கனத்தது. சின்ன வயதில், கோடையில் பாளம் பாளமாக வெடித்த வயல். வெடிப்புக்குள் முழங்கை வரை கைவிட்டால் உள்ளே குளிரும். "யாரோ கையப் பிடிக்கிறாங்கடி!" என்று அக்கா அலறுவாள்.

விழித்துப் பார்த்தபோதும் களி மிதந்துகொண்டுதான் இருந்தது. நல்ல கரிசல் இப்படிக் கலங்காது. அளந்தாள். காரநிலை ஒன்பதைத் தாண்டியிருந்தது, சோடியம் ஏகத்துக்கு.

அறிக்கையைத் தபாலில் அனுப்பினாலே போதும். அவள் போனை எடுத்தாள்.

"அக்கா, நான்தான்."

"ரிப்போர்ட்ட அனுப்பினா ஆகாதா?"

"அனுப்பறேன். புதுசா போர் போட்டியா?"

"ரெண்டு வருஷமாச்சு. யாரு சொன்னா?"

"உன் மண்ணுதான். அந்தத் தண்ணியில இருக்குற உப்பு களியக் கரைச்சு விட்டுடுச்சு. மழை பெஞ்சா மேலயே நிக்குமே?"

"குளமாட்டம் நிக்குது. விதைச்சதெல்லாம் அழுகிப்போச்சு. நிலம் செத்துப்போச்சுன்னே நினைச்சேன்டி."

"சாகல. ஜிப்சம் போட்டு, வடிகால் வெட்டி, நல்ல தண்ணியில அலசணும். நாளாகும்."

"நீயே வந்து காட்டு. வித்ததுக்குக் கோபம் போகல. அது வேற, இது வேற."

"சரிக்கா."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கயிறு பிடித்து வடிகாலுக்குக் கோடு போட்டார்கள். முதல் வருடம் ஒன்றும் விளையவில்லை. இரண்டாம் வருடம் திட்டுத்திட்டாகப் பச்சை. மூன்றாம் வருட மழையில், தண்ணீர் தேங்காமல் சத்தமின்றி உள்ளே இறங்கியது. ஒட்டிய மண்ணோடு கனத்த கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி, இருவரும் மிக மெதுவாக வயலின் மறுவரப்புக்கு நடந்தார்கள்.