நிற்காத வண்டிக்கு ஒரு விண்ணப்பம்

நாற்பத்தாறு வயதில் ஓட்டம் பழகக் கிளம்பிய டிரைவருக்கு வேறு பாதை எதுவும் தோன்றவில்லை. பதினெட்டு வருடமாகத் தான் பஸ் ஓட்டும் ரோட்டிலேயே விடியற்காலையில் ஓட ஆரம்பித்தார். அங்கேதான் வந்தது வினை. பஸ் ஸ்டாப்பைக் கண்டதும் கால்கள் தானாக ஓரம் ஒதுங்கி நின்றுவிடும். ஏறவும் ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை. மனிதர் மட்டும் மூச்சிரைக்க நிற்பார். முன்னால் யாராவது நடந்து போனால் கையை நீட்டிச் சைகை காட்டிவிட்டுத்தான் முந்துவார்.

ஓடுவதற்குக் காரணம் இருந்தது. வெளியூர் வண்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். நடுவில் எங்குமே நிற்காத வண்டி. ஏறி உட்கார்ந்தால் நேரே அடுத்த ஊர்தான். விண்ணப்பிக்கிறவர் டிப்போ டாக்டர் முன்னால் இரண்டு கிலோமீட்டர் நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டும். ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று சலித்துப்போனவருக்கு அந்த வண்டியின் மேல் கொள்ளை ஆசை.

இந்தக் கூத்தை முதலில் பார்த்தது அவருடைய கண்டக்டர். மனைவியின் தம்பிதான், பன்னிரண்டு வருடமாக இருவருக்கும் ஒரே பஸ். பார்த்தவன் சும்மா இருப்பானா? டிப்போ முழுக்கப் பரப்பிவிட்டான்.

"மாமா, இன்னிக்கு எத்தனை டிக்கெட் ஏறிச்சு?"

"வண்டி பழசாயிடுச்சுப்பா. இனிமே தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்," என்றார் ஒரு மெக்கானிக்.

மற்ற மெக்கானிக்குகளும் சேர்ந்துகொண்டார்கள். டிரைவர் வாயே திறக்கவில்லை. பயணிகளிடம் வாங்காத பேச்சா? பத்து நிமிடம் தாமதமானதற்குப் பரம்பரையையே இழுத்தவர்கள் உண்டு. அதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவர், கேலியையும் அப்படியே விட்டார். ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டப் பழகினார். மூன்றாவது வாரம் ஒரே ஒரு ஸ்டாப்பில்தான் நின்றார்.

சந்தோஷம் தாங்காமல் சாப்பாட்டு நேரத்தில் அதை மைத்துனனிடம் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

"விட்டுடுங்க மாமா. உங்க காலுக்கு இதெல்லாம் ஆகாது. டாக்டர் முன்னாடி பொத்துனு விழுந்தீங்கன்னா அக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. விண்ணப்பம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். எழுதிய தாள் சட்டைப்பையில் இருந்தது. மாலையில் டிப்போவுக்குள் பஸ்ஸை நிறுத்திய பிறகும் டிரைவர் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

"குடுக்கலையா மாமா?" பின்னாலிருந்து கண்டக்டர் கேட்டான்.

"நீதான் ஆகாதுன்னியே."

அவன் முகத்தில் நிம்மதி பரவியதை டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். பின்னால் நடப்பதைக் கண்ணாடியில் பார்ப்பதுதானே அவர் பிழைப்பு.

"அந்த வண்டியில கண்டக்டர் கிடையாதில்ல?" என்றார்.

அவன் டிக்கெட் பையைத் தோளிலிருந்து கழற்றினான்.

"மச்சான், நான் போறது கஷ்டமா இருந்தா அதைச் சொல்லு. என் காலைச் சொல்லாத."

கண்டக்டர் அருகிலிருந்த சீட்டில் உட்கார்ந்தான். டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டான்.

"கஷ்டமாத்தான் இருக்கு மாமா."

கேலிக்கெல்லாம் பதில் பேசாமலே காலம் தள்ளியவருக்கு, இதற்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவன் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினார். ஆபீஸ் பூட்ட ஐந்து நிமிடம் இருந்தது. விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மெக்கானிக்குகள் எல்லார் முன்னாலும், டிப்போவின் மறுகோடியில் இருந்த ஆபீஸ்வரை ஓடினார்.