மேஜருக்குத் தெரிந்த மரியாதை

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் கம்பனிகளிடம் கொடுத்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, ஓப்பநாயக்க ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றை நிர்வகித்த பழைய துரை மூட்டை கட்டினார். கொழும்பு மாடிவீட்டில் நாய்க்கு இடமில்லையாம். தன் பொமரேனியனைத் தொழிற்சங்கத் தலைவர் காத்தமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் மேஜர். உயரம் கொழுந்துக் கூடையில் பாதி; அதிலும் முக்கால்வாசி மயிர். மழையில் நனைந்தால் பெருச்சாளி. ஆனால் தான் ஒரு சிறுத்தை என்பதில் அதற்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

அது குரைத்தால் பலாப்பிஞ்சு உதிரும். பலாங்கொடை பஸ் யாரோ மறிக்கிறார்கள் என்று நின்றுவிடும். சாட்சி மூன்று பேர் இருந்தார்கள். இருவர் செத்துப்போனார்கள். மூன்றாமவருக்குக் காது கேட்காது.

காத்தமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. தலைவர் தேர்தல் நெருங்கியிருந்தது. எதிரே நின்றவன் உதயராஜ், வாயுள்ள பிள்ளை. "தொர கையால வாங்குன நாய்டா! இனி எவன் என்னைய எதுத்து நிப்பான்?" என்று அதைத் தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்குத் தூக்கி வந்தார்.

பங்களாவில் மேஜருக்கு ஒரே உத்தியோகம். தொழிலாளி முன்வாசல் பக்கம் வந்தால் குரைக்கும். செருப்பைக் கழற்றி, குடையை மடக்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்புறச் சமையற்கட்டுக் குசினிப் பக்கம் போனால் விட்டுவிடும். லயத்து ஒற்றையறைக் காம்பராவுக்கோ ஒரே வாசல்தான். மேஜர் அதிலேயே குந்திக் கடமையைத் தொடங்கியது.

வேலை முடிந்து வந்த காத்தமுத்துவை அது உள்ளே விடவில்லை.

"டேய், நாந்தான்டா ஒனக்குச் சோறு போடுறவன்!"

சோறு போடுகிறவனெல்லாம் எசமானென்றால் பங்களாச் சமையல்காரர் அல்லவா துரையாகியிருக்க வேண்டும்? மேஜருக்கு அந்த வித்தியாசம் தெரியும். காத்தமுத்து செருப்பைக் கழற்றினார். குரைப்பு நிற்கவில்லை. குடையை மடக்கினார். கொஞ்சம் இறங்கியது. துண்டை அவிழ்த்துக் கூனிக் குறுகி நின்றதும் மேஜர் கொட்டாவி விட்டு அரை அடி தள்ளி உட்கார்ந்தது. வீட்டுக்காரர் வீட்டுக்குள் போனார். மறுநாளும் அப்படித்தான். லயமே அடுப்பை அணைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது.

அவர் மனைவி ஜெயம்மாவிடம் மட்டும் இந்தச் சட்டம் செல்லவில்லை. முதுகில் கூடை, வாயில் வெற்றிலை, காலில் செருப்பு. "எந்திரி, சனியனே! வாசல மறிச்சிக்கிட்டு என்ன ராஜாங்கம்?" பழைய துரைசானியும் இதே சுருதியில்தான் கத்துவாளாம், இங்கிலீஷில். மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. அன்றிலிருந்து அவள் எங்கேயோ அது அங்கே. பிஸ்கட்டை மறந்து ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் தின்றது. அவள் கொழுந்தெடுக்கும் தேயிலைச் செடி நிரையில் காவல் படுத்தது. வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை அவளை அதட்டினால் இது அவரை அதட்டியது.

தேர்தலன்று கோயில் வாசலில் கூட்டம்.

"தலைவரே, ஒரு கேள்வி. ஆபீசுல தொர முன்னுக்கு எப்பிடி நிப்பீங்க?" என்றான் உதயராஜ்.

"நெஞ்ச நிமித்தி நிப்பேன்டா!"

"நாய்க்கே துண்ட அவுக்கிறீங்களே, நாய வளத்த தொரைக்கு எத அவுப்பீங்க?"

பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்நேரம் பார்த்துக் கம்பனியின் புதுத் துரை ஜீப்பைக் கூட்டத்துக்குள்ளேயே விட்டார். காத்தமுத்துவின் கை அவரைக் கேட்காமலே துண்டுக்குப் போனது. அவிழ்த்தும் விட்டது. பழக்கம்! பேசிய உதயராஜின் கையும் தொப்பிக்குப் போனதை லயம் கவனிக்கத் தவறவில்லை.

ஜெயம்மாதான் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள். "ஏங்க தொர, மனுசன் இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? வண்டியத் திருப்புங்க!"

மேஜர் டயரைப் பார்த்துக் குரைத்தது. துரை, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி, சரி' சொல்லிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார்.

"எனக்குத் தலைவர் பதவி வேணாங்க. அக்கா பேரப் போடுங்க," என்றான் உதயராஜ்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. காத்தமுத்துவின் கையும் உயர்ந்தது. அதில் துண்டு இருந்தது.

பொழுது சாய அவர் வீட்டுக்குப் போனார். வாசலில் மேஜர்.

"யாரது?" என்றது உள்ளேயிருந்து தலைவியின் குரல்.

"நாந்தான் ஜெயம்மா."

"வாங்க. செருப்ப அங்கனயே விட்டுட்டு வாங்க."

மேஜர் அரை அடி தள்ளி உட்கார்ந்தது.