பழைய மாடலில் ஒன்று மிச்சம்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் இந்தக் காலத்து ஆட்களிடம் அறவே கிடையாது. கேட்காததை மட்டும் மூட்டை மூட்டையாக அவிழ்ப்பார்கள். ஸ்டெப்னி டயர் எங்கே இருக்கிறது என்றுதான் பெரியவர் கேட்டார். ஷோரூம் பெண் திரை எத்தனை பெரியது, என்னென்ன நிறத்தில் வருகிறது என்று ஆரம்பித்து, தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தில் வந்து நின்றாள். டயர் வரவே இல்லை.

இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே பெயர். பழைய மாடலில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், இனிமேல் செய்யமாட்டார்களாம். புது மாடல் முகம் உப்பி, கண் இடுங்கி, பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட செல்லப்பிள்ளை மாதிரி இருந்தது. அவர் ஓட்டிக்கொண்டிருந்த கார் இந்தப் பழையதற்கும் மூத்தது. அதன் என்ஜின் மூச்சை விட்டுவிட்டது; மெக்கானிக் கையை விரித்துவிட்டார். மூட்டுவலியோடு தனியாக இருக்கிற ஆளுக்கு ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் கார் இல்லாமல் ஆகாது. வேறு ஊரில் இருக்கும் மகள், வாங்கித் தருவது தன் பொறுப்பு, எது வேண்டும் என்று சொன்னால் போதும் என்றுவிட்டாள்.

ஒரு கிடங்கில் ஆயுசு பூராவும் காவல் இருந்தவர் அவர். எந்தப் பூட்டையும் பூட்டிய பிறகு இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். புதுக் காரின் சாவியை அந்தப் பெண் கையில் கொடுத்ததும் துவாரத்தைத் தேடினார். துவாரமே இல்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் காட்டிய இடத்தைத் தொட்டார். கார் ‘டொக்’கென்று பூட்டிக்கொண்டது. வழக்கம்போல் கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்துகொண்டது. மறுபடி பூட்டினார், மறுபடி இழுத்தார். மறுபடியும் திறந்தது.

“என்னம்மா பூட்டு இது. இழுத்தா வருது.”

“சாவி உங்க பாக்கெட்ல இருக்கு சார். நீங்கதான்னு அதுக்குத் தெரியும். அதான் திறக்குது.”

“கூடப் பிறந்தவனுக்கே என்னை அடையாளம் தெரியல. இதுக்குத் தெரியுமாக்கும்.”

அவள் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கி, காரைப் பூட்டிவிட்டுத் தூரமாய்ப் போய் நின்றாள். இப்போது இழுத்தார். கதவு அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் கோபமாகவே இழுத்தார்.

“அவ்வளவுதானா உன் பழக்கம்?” என்றார் காரிடம், அந்தப் பெண்ணுக்குக் கேட்காத குரலில்.

பழைய மாடலில் ஏறி உட்கார்ந்தார். கியர் கைக்கு வாகாய் இருந்தது. ஹேண்ட்பிரேக், பட்டனாக இல்லாமல், கையால் இழுக்கிற பிரேக்காகவே இருந்தது. மனசு ஏறக்குறைய ஒட்டிவிட்டது. அப்போதுதான் அந்தப் பெண் புதுக் காரைப் பற்றி மிச்சம் வைத்திருந்த கடைசி விஷயத்தைச் சொன்னாள்.

“உங்க பொண்ணு எங்க இருந்தாலும் இந்த வண்டி எங்க இருக்குன்னு அவங்க போன்ல பாத்துக்கலாம் சார். நீங்க வீட்டுக்கு வந்து நிறுத்தினதும் அதுவே தகவல் அனுப்பிடும். நீங்க போன் பண்ணவே வேண்டாம்.”

பெரியவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மனைவி போன பிறகு மகள் வைத்த ஏற்பாடு ஒன்று உண்டு. வெளியே போய்விட்டுத் திரும்பியதும் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அவள் உடனே திருப்பிக் கூப்பிடுவாள். “வந்துட்டீங்களாப்பா,” என்பாள். அதற்கப்புறம் முழங்கால், மாத்திரை, என்ன சாப்பிட்டீங்க என்று ஓடும். பேச்சு பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த வீட்டில் ஒரு நாளில் அவர் வாய் திறப்பது அப்போதுதான். வேலை இல்லாத நாட்களிலும் காரை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றிவிட்டு வருவார். எதற்குப் போனார் என்று மகள் கேட்டால், சோப்பு வாங்கப் போனதாகச் சொல்வார். வீட்டில் அலமாரி நிறையச் சோப்பு கிடந்தது.

காரை விட்டு இறங்கி ஓரமாய்ப் போய் மகளுக்கு மிஸ்டு கால் கொடுத்தார். அவள் கூப்பிட்டாள்.

“பழசே போதும்மா.”

“ஏம்பா? புதுசுல ஏர்பேக் ஜாஸ்தி. நீங்க எங்க இருக்கீங்கன்னும் எனக்குத் தெரியும்.”

“என்னைக் கேட்டா நானே சொல்லப்போறேன். நடுவுல அது எதுக்கு. கோள் சொல்ற வண்டி எனக்கு ஆகாது.”

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. இந்த மாதிரி நேரத்தில் அவள் அம்மா மாதிரியே மூச்சு விடுவாள். சண்டைக்கு வரப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். வந்தால் நல்லது, இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்.

“சரிப்பா. உங்க இஷ்டம். பழசையே எடுத்துக்கோங்க.”

ஜெயித்துவிட்டார். பேச்சு சுருங்கிப்போனதுதான் மிச்சம்.

“அப்புறம், அப்பா, இந்த மிஸ்டு கால் மட்டும் இனிமே வேண்டாம். மீட்டிங்ல இருக்கும்போது உங்க பேரைப் பாத்தா நெஞ்சு பதறுது. மெசேஜ்ல அந்தக் கட்டைவிரல் படம் இருக்குல்ல, அதை ஒண்ணு தட்டி விடுங்க. வந்துட்டீங்கன்னு புரிஞ்சுக்குவேன். சரியா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது.”

“ஈஸிப்பா. யாரையாவது காட்டச் சொல்லுங்க. வைக்கட்டுமா?”

வைத்துவிட்டாள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். ஷோரூம் பெண் பேப்பரும் பேனாவுமாக வந்தாள்.

“எதை சார் புக் பண்ணட்டும்?”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“ஐயோ, இல்ல சார். எவ்வளவு வித்தியாசம் இருக்கு.”

“உனக்கு இருக்கும்.”

கண்ணாடிக் கதவு தானாக விலகியது. அதையும் ஒரு முறை முறைத்துவிட்டு வெளியே வந்தார். பெண் பின்னாலிருந்து, பழசு ஒண்ணுதான் சார் இருக்கு, நாளைக்கு வந்தா இருக்குமோ என்னவோ என்று சொன்னது கேட்டது. போனால் போகட்டும். இவர்கள் சொல்கிற எதை நம்புவது.

பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தது. சாலையில் கார்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போயின. எல்லாவற்றிலும் கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே ஒரே ஒரு ஆள். யாரும் நிறுத்துவதாக இல்லை. பெரியவர் உள்ளங்கையை அகல விரித்து நீட்டியபடி சாலையில் இறங்கினார். ஒன்று நின்றது, அடுத்ததும் நின்றது. முழங்காலை இழுத்து இழுத்து நடந்தார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, வண்டிகளெல்லாம் அவரை விட்டுக் கிளம்பிப் போன பிறகும் நீட்டிய கையை இறக்காமல் நடந்துகொண்டிருந்தார்.