வருசத்துக்கு எட்டு லட்சம்

வில்லேஜ் ஆபீஸிலிருந்து சிஜு வருவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை. அக்கா பிரதீபாவைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, மாட்டுக்கொட்டகை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கக்கத்தில் ஃபைலோடு வாசலில் வந்து நின்றார்.

சமையல்கட்டில் கேசரியைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்த ஜீவிதாவுக்கு அவரைப் பார்த்ததும் சந்தோஷம்தான். அவள் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த ஆள் அவர். பாலக்காட்டில் பி.பார்ம் படிக்க அவளுக்கு மெரிட்டில் சீட் கிடைத்திருந்தது. தனியார் கல்லூரி, ஃபீஸைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனால் குடும்ப வருமானம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று வில்லேஜ் ஆபீஸ் ஒரு சர்டிபிகேட் கொடுத்துவிட்டால், நாலு வருஷ ஃபீஸையும் அரசாங்கமே கட்டிவிடும். ஆன்லைனில் அரசு விண்ணப்பம் போட்டுத் தரும் அட்சயா சென்டருக்கு அவளே போய் விண்ணப்பம் போட்டாள். அதை விசாரிக்கத்தான் சிஜு வந்திருக்கிறார். விசாரிக்க என்ன இருக்கிறது? கேரள எல்லையோர முதலமடையில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்லியிருப்பார்களே.

அப்பா ஈஸ்வரமூர்த்திக்குப் பத்து ஏக்கர் மாந்தோப்பு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். மூன்று வருஷமாக இலைப்பேன் விழுந்து பூவெல்லாம் கருகிப் போனது. தோப்புப் பத்திரம் பேங்கில் கிடக்கிறது. இன்னும் காய்க்காத காய்க்கும் சேர்த்து வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அதையும் தின்று தீர்த்தாயிற்று. அம்மா கமலாத்தாள் எருமைப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றித்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் அப்பாவின் வேட்டி மட்டும் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்த ரகம்.

"ஈஸ்வரமூர்த்தி ஏட்டா, மோளோட வருமான சர்டிபிகேட் விஷயமா வந்தேன்" என்றார் சிஜு, மலையாளம் கலந்த தமிழில்.

அப்பா சட்டென்று எழுந்தார். "வாங்க வாங்க சிஜு, அப்படிக் கொட்டகைப் பக்கமாப் போயிப் பேசிக்கலாம்."

அப்படிப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா பூபதிராஜா விடவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "அட, இங்கயே பேசுங்க! நாங்க என்ன வேத்தாளுங்களா?" என்றார். கூட்டி வந்த தரகர் காளியப்பனும், "அதானுங்க, இனி ஒரே ஊடு" என்று ஒத்து ஊதினார்.

சிஜு நல்ல மனுஷன். பதிலையும் அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். "மாங்கா எல்லாம் போச்சுன்னு தெரியும் ஏட்டா. தோப்புல ஒண்ணும் வருமானம் இல்லன்னு எழுதிக்கட்டே?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். அப்பா பூபதிராஜாவைப் பார்த்தார், மாப்பிள்ளை ரமேஷ்குமாரைப் பார்த்தார், காளியப்பனைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒண்ணும் இல்லையா? எவஞ் சொன்னது? வருசத்துக்கு எட்டு லட்சம் சொளையா வருதுங்க!"

சிஜுவின் பேனா அந்தரத்தில் நின்றது. "அப்போ இந்த அப்ளிகேஷன்?"

"சின்னப் புள்ளைங்க. கூட்டாளிக போட்டாங்கன்னு இவளும் போட்டிருப்பா. வெளையாட்டுப் புத்தி" என்று அப்பா சிரித்தார். பூபதிராஜாவும் சிரித்தார். சிஜு ஒருமுறை சமையல்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதி நீட்டினார். அப்பா கையெழுத்தை நீட்டி முழக்கிப் போட்டு, அடியில் கோடும் இழுத்தார்.

கேசரித் தட்டை நடு வீட்டில் வீசியடிக்கலாமா என்று வந்தது ஜீவிதாவுக்கு. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கம்முனு இரு கண்ணு. அக்கா வாழ்க்கை." அக்கா வாழ்க்கை, சரி. தங்கச்சிக்கு இருப்பது மட்டும் என்ன, செல்லாக் காசா? கேட்கவில்லை. கேசரியைக் கொண்டுபோய் வைத்தாள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வந்தவர்கள் கார் ஏறிப் போனதும் அவள் கேட்டாள். "ஏங்கப்பா இப்படிப் பண்ணீட்டீங்க?"

"அட, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு. சிஜு நம்ம பையன். நாளைக்குப் போயி வெவரத்தச் சொன்னா மாத்திக் குடுத்திருவான்."

அந்த 'நாளை' வரவேயில்லை. வில்லேஜ் ஆபீஸுக்கு எதிர்க் கடையில்தான் காளியப்பன் உட்கார்ந்திருப்பார், பார்த்தால் பொள்ளாச்சிக்குப் போன் போட்டுவிடுவார் என்றார் அப்பா. நிச்சயம் முடியட்டும் என்றார். நிச்சயம் முடிந்ததும், இப்போதுதான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். அதற்குள் சர்டிபிகேட் வந்துவிட்டது. ஆண்டு வருமானம் எட்டு லட்சம். அந்தத் தொகையை அச்செழுத்திலாவது கண்ணால் பார்த்தது அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான்.

ஜீவிதா தனியாகவே வில்லேஜ் ஆபீஸுக்குப் போனாள். ஆபீஸர் எப்சிபா அவளை எதிரில் உட்காரவைத்துப் பேசினார்.

"எனக்குத் தெரியாதா மோளே? உங்க தோப்பு வழியாத்தான நான் தினமும் வர்றேன். ஆனா இது அப்பா சொல்லி, அப்பா கையெழுத்துப் போட்டது. அவரு பேங்க் லோன் பேப்பரோட நேர்ல வரட்டும். அன்னைக்குச் சொன்னது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். அன்னைக்கே புதுசு தர்றேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது ஊர்ப் பழமொழி. இங்கே சாமியும் கொடுத்தது, பூசாரியும் கொடுக்கிறேன் என்றார். பெற்ற அப்பனுக்குத்தான் மனசு வரவில்லை.

கல்லூரியில் சேரக் கடைசி நாளன்று அம்மா தோசைக்கரண்டியும் கையுமாக வந்து நின்று கத்தினாள். "புள்ள படிப்ப விட உங்க மீசை பெருசுங்களா? இன்னைக்குப் போகாட்டி எனக்கு உங்க மூஞ்சியக் காட்டாதீங்க!" கமலாத்தாள் புருஷனை எதிர்த்துப் பேசி ஜீவிதா பார்த்ததே இல்லை. அப்பாவும் ஆடித்தான் போனார். லோன் பேப்பரை மஞ்சப் பையில் எடுத்துக்கொண்டு, மகளைப் பைக்கில் ஏற்றிக் கிளம்பினார். வழியெல்லாம், "பயப்படாத அம்மணி, சேந்தரலாம்" என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். ஜீவிதா நம்பினாள். அதுதான் அவளுக்குப் பின்னால் தாங்க முடியாமல் போனது.

ஆபீஸ் வராண்டாவில் காளியப்பன் நின்றுகொண்டிருந்தார். ஏதோ பட்டா வேலை.

"அடடே, வாங்க வாங்க! என்ன இந்தப் பக்கம்?"

அப்பா மஞ்சப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "தோப்புக்கு வரி கட்டோணுமுங்க. காலாகாலத்துல கட்டீட்டா நிம்மதி."

"ஏங்கப்பா" என்றாள் ஜீவிதா. அவர் திரும்பவில்லை. உள்ளே போனார். எப்சிபா, "வந்தீங்களா, உக்காருங்க" என்று வெள்ளைத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே காளியப்பனின் தலை தெரிந்தது. அப்பா நிஜமாகவே தோப்புக்கு வரி கட்டினார். சட்டைப்பையில் இருந்ததைத் தடவித் தடவி எடுத்துக் கட்டி, ரசீதை வாங்கி, வெளியே வந்து காளியப்பன் பார்க்கும்படி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பைக்கை உதைத்தார். எப்சிபா வாசல்வரை வந்து ஜீவிதாவைப் பார்த்தார்.

சீட் வேறு யாருக்கோ போயிற்று. பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்த பெண் எருமைக்குத் தீனி கலக்கினாள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. கல்யாணம் மட்டும் அமர்க்களமாக நடந்தது. அதற்கு எங்கே கடன் வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து பொள்ளாச்சியில் சம்பந்தி வீட்டு விருந்து. தென்னந்தோப்புக்கு நடுவே மாடி வீடு, பக்கத்தில் சொந்தமாக நார் மில், வாசலில் இரண்டு கார். அப்பாவை நடுவில் உட்காரவைத்து இலை போட்டார்கள். பிரதீபா புதுப்புடவையில் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

பூபதிராஜா ஜீவிதாவிடம் திரும்பினார். "அம்மணி என்ன படிக்குது?"

"ஒண்ணும் படிக்கலீங்க மாமா. பி.பார்ம் கெடச்சுது. வருமான சர்டிபிகேட்ல எட்டு லட்சம்னு வந்துட்டதால போக முடியல."

சோற்றில் அப்பாவின் கை நின்றது. பூபதிராஜா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு இலை குலுங்கச் சிரித்தார்.

"அட, அன்னைக்கு வந்தாரே அந்த ஆளா! ஏனுங்க சம்மந்தி, நான் அன்னைக்கே நெனச்சனுங்க, என்னடா இந்த மனுசன், சர்க்கார் ஆளுகிட்டப் போயி நெசத்தச் சொல்லீட்டிருக்காருன்னு! எங்க ரமேசு இஞ்சினீரிங் படிச்சதே அந்த சர்டிபிகேட்டுலதானுங்க. வருசத்துக்கு எழுவத்தி ரெண்டாயிரம்னு வாங்கிட்டமுங்க. நாலு வருசமும் பீசு சர்க்காரு தலைல. இதுலென்னங்க வெக்கம்? எல்லாரும் பண்றதுதான?"

பந்தியே சிரித்தது. ரமேஷ்குமாரும் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். இரண்டு கார் வைத்திருக்கிறவனுக்கு ஏழை என்று எழுதிக்கொடுக்கக் கை கூசவில்லை. எருமைப் பால் விற்றுச் சோறு தின்கிறவருக்கு ஏழை என்று சொல்ல உயிர் போனது.

"அது போகட்டும்" என்றார் பூபதிராஜா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சர்டிபிகேட் இல்லாட்டி என்னங்க? உங்களுக்குத்தான் எட்டு லட்சம் வருதே. பீசக் கட்டிச் சேத்துவிட வேண்டீதுதான?"

ரசப் பாத்திரத்தோடு பிரதீபா அப்படியே நின்றாள். அப்பா தண்ணீரை எடுத்துக் குடித்தார், டம்ளரை வைத்தார், மகளைப் பார்க்காமல் இலையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் கட்டத் தயாருங்க சம்மந்தி. அவளுக்குத்தான் படிப்புல மனசே இல்லீங்க."

எல்லோரும் ஜீவிதாவைப் பார்த்தார்கள். அக்காவின் கண்கள் கெஞ்சின.

"ஆமாங்க மாமா" என்றாள் ஜீவிதா. "எனக்குப் படிப்பு ஏறலீங்க."